பாறை வகுத்த பாதை: பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு யார்க் மூர்ஸா, டார்ட்மூரா?

இங்கிலாந்தில் பழைய மோட்டார் சைக்கிள் கிளப் ஒன்று கோடைச் சுற்றுப்பயணத்துக்கு நிலம் தேடும்போது, கண்ணை இழுக்கும் பெயர்கள் இரண்டு: வடகிழக்கே நார்த் யார்க் மூர்ஸ், தென்மேற்கே டார்ட்மூர். 'மூர்' என்பது மரம் அதிகம் இல்லாத மேட்டு நிலம். ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கரிய மண், ஹெதர் என்ற குத்துச்செடி, மேயும் ஆடு, எந்நேரமும் காற்று. டார்ட்மூர் 1951-லும் யார்க் மூர்ஸ் 1952-லும் தேசியப் பூங்காக்களாயின. முன்னதன் பரப்பு 954 சதுர கிலோமீட்டர், பின்னது 1,436.

படத்தில் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். ஆனால் ஒன்றுக்குப் போட்ட திட்டத்தை மற்றொன்றுக்கு அப்படியே கொண்டுபோனால் வண்டியும் தாங்காது, ஓட்டுபவரும் தாங்கமாட்டார். காரணம் மண்ணுக்கு அடியில் கிடக்கும் பாறை. பாறைதான் சாலையின் போக்கை வகுத்தது. சாலையின் போக்கைப் படித்தவரால்தான் நல்ல பயணத்தைத் திட்டமிட முடியும்.

அளவுகோலாக ஒரு வண்டி

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். நமக்குப் பழகிய ராயல் என்ஃபீல்டு புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் பிறந்த வண்டி அது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. ரெடிட்ச் ஆலை 1967-இல் மூடிய பிறகும் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து உருவானது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற பழைய ஆங்கிலேய முறை நம் ஊர்ச் சாலைகளில் அத்தனை காலம் நிலைத்தது அதனால்தான். டீகம்ப்ரஷரைப் பிடித்து, ஆம்பியர் முள்ளைப் பார்த்து, கிக்கரை உதைத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுரையின் கவலைகள் அந்நியமாக இரா.

1950-களின் 350 சிசி வண்டிக்கு இரண்டு சக்கரங்களிலும் டிரம் பிரேக். முகப்பு விளக்குக்கு 6 வோல்ட் மின்சாரம். எஞ்சினைக் குளிர்விக்கக் காற்று மட்டுமே. கிளப்பில் இதைவிட மூத்த வண்டிகளும் வரும். 1946-இல் தொடங்கிய வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், 25 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு இடம் தருகிறது. அப்படிப்பட்ட கூட்டத்தில் 1920-களின் வண்டியும் 1980-களின் வண்டியும் ஒரே நாளில் ஒரே சாலையில் போகலாம். எனவே திட்டத்தின் அளவுகோல் வேகமான வண்டியாக இருக்கக் கூடாது. பலவீனமான பிரேக் எந்த வண்டியில் இருக்கிறதோ, அதுவே அளவுகோல்.

மேட்டு முகடும் கருங்கல் மேடையும்

யார்க் மூர்ஸின் அடியில் இருப்பவை ஜுராசிக் காலத்தில் படிந்த மணற்பாறை, களிப்பாறை அடுக்குகள். ஆறுகள் அவற்றை அறுத்துக்கொண்டு இறங்கி ரோஸ்டேல், ஃபார்ன்டேல் போன்ற ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. நடுவே நீண்ட முகடுகள் எஞ்சின. ஆகவே இங்கே சாலைக்கு இரண்டு குணங்கள்: முகட்டின் மேல் மைல் கணக்கில் தெளிவாக ஓடும், பள்ளத்தாக்கில் இறங்க வேண்டுமென்றால் தலைகுப்புற இறங்கும்.

டார்ட்மூரின் அடியில் கருங்கல். குவிமாடம்போல் மேலெழுந்த கருங்கல் மேடை அது. உச்சியான ஹை வில்ஹேஸ் 621 மீட்டர். யார்க் மூர்ஸின் உச்சி 454 மீட்டர்தான். ஆனாலும் டார்ட்மூரின் நடுவே செல்லும் பி3212 சாலை பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. குன்றுகளின் தலையில் 'டார்' எனப்படும் பாறைக் குவியல்கள் நிற்க, சாலை அவற்றுக்கு இடையே நழுவிப் போகிறது. உயரம் குறைந்த யார்க் மூர்ஸில்தான் செங்குத்து அதிகம். வரைபடத்தில் உயரத்தை மட்டும் பார்த்து வழியைத் தேர்பவர் ஏமாறுவது இங்கேதான்.

யார்க்‌ஷயரின் கேள்வி: பிரேக் தாங்குமா?

ரோஸ்டேல் கிராமத்திலிருந்து ஏறும் சிம்னி பேங்க் சாலையின் சரிவு சில இடங்களில் மூன்றுக்கு ஒன்று. மூன்று அடி முன்னே போனால் ஓர் அடி உயரம். இரும்புத்தாது சுரங்கத்தின் புகைபோக்கி ஒன்று மேலே நின்றதால் வந்த பெயர். புகைபோக்கியை 1972-இல் இடித்துவிட்டார்கள், பெயர் தங்கிவிட்டது. மேற்கு ஓரத்தில் ஏ170 சாலை ஏறும் சட்டன் பேங்க் நான்குக்கு ஒன்று. அதில் கார்கள் கேரவனை இழுத்துக்கொண்டு ஏறத் தடையே இருக்கிறது.

இந்தச் சரிவில் ஒரு பழைய வண்டி இறங்கும்போது என்ன நடக்கிறது? டிரம்முக்குள் பிரேக் கட்டை உரசி உரசிச் சூடேறுகிறது. டிரம் விரிகிறது, உரசும் பிடி தளர்கிறது. கைப்பிடியை எவ்வளவு இறுக்கினாலும் வண்டி வழுக்குவதுபோல் போய்க்கொண்டே இருக்கும். அதனால் மேலேயே நிறுத்தி முதல் கியரில் போட்டு, எஞ்சினின் பிடியிலேயே இறங்க வேண்டும். பிஎஸ்ஏ பேன்டம் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு இதிலும் ஒரு சிக்கல். அதன் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போகிறது. ஆக்சிலரேட்டரை மூடியபடி எஞ்சினைச் சுழலவிட்டு நெடுந்தூரம் இறங்கினால் பிஸ்டனுக்கு எண்ணெய் போதாது. அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்க வேண்டும்.

ஆனால் இந்த ஆபத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆர்டினன்ஸ் சர்வே வரைபடத்தில் ஒற்றை அம்புக்குறி இருந்தால் ஏழுக்கு ஒன்று முதல் ஐந்துக்கு ஒன்று வரையான சரிவு. இரட்டை அம்புக்குறி இருந்தால் அதற்கும் மேல். வீட்டு மேசையில் பென்சிலோடு உட்கார்ந்து இரட்டை அம்புகளை விலக்கி வழி போட்டுவிடலாம். ஹெல்ம்ஸ்லியில் புறப்பட்டு, ஹட்டன்-லி-ஹோல் வழியாகப் பிளேக்கி முகட்டில் ஏறி, காசில்டனில் இறங்கி, விட்பி கடற்கரையைத் தொட்டு, ஏ169-இல் பிக்கரிங் வழியே திரும்பும் சுற்று எழுபது மைலை ஒட்டி வரும். சிம்னி பேங்க்கைத் தொடாமலேயே மூரின் நெஞ்சு வழியாகப் போய் வந்துவிடலாம். அந்தச் சவால்தான் வேண்டும் என்பவர்கள் தனியே பிரிந்து போய்வரட்டும்.

டார்ட்மூரின் கேள்வி: கண் தாங்குமா?

டார்ட்மூரில் வேலியற்ற சாலையில் மட்டக்குதிரைகளும் ஆடுகளும் மாடுகளும் தங்கள் விருப்பம்போல் திரிகின்றன. காட்டு விலங்குகள்போல் தெரிந்தாலும் அந்த மட்டக்குதிரைகளுக்கும் உடைமையாளர்கள் உண்டு. மேய்ச்சல் உரிமை பெற்ற விவசாயிகள் அவர்கள். திறந்த மூர்ச் சாலைகளில் மணிக்கு 40 மைல் வேக வரம்பு இருப்பது இந்த விலங்குகளுக்காகவே. யார்க் மூர்ஸிலும் ஆடுகள் சாலையில் படுத்துக் கிடக்கும். ஆனால் சாலையை இத்தனை வகை விலங்குகளோடு பங்குபோடும் அனுபவம் டார்ட்மூருக்கே உரியது.

தாய் ஆடு சாலையின் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம் நிற்கிறது என்று வையுங்கள். வண்டிச் சத்தம் நெருங்கும்வரை குட்டி அசையாது. நெருங்கியதும் தாயிடம் ஓடும், நேராகச் சக்கரத்தின் குறுக்கே. ஒரு பக்கம் ஓர் ஆட்டைக் கண்டால் மறுபக்கம் அதன் குட்டியைத் தேடும் கண் வேண்டும். மாலை மங்கினால் 6 வோல்ட் விளக்கின் மஞ்சள் ஒளியில் கறுப்பு மாடு தெரியவே தெரியாது. எனவே இங்கே திட்டத்தின் கடைசி வரி கடிகாரத்தில் இருக்க வேண்டும்: வெளிச்சம் இருக்கும்போதே தங்கும் இடம் சேர்ந்துவிட வேண்டும்.

மூரை விட்டு இறங்கியதும் வேறொரு சோதனை. டெவன் மாவட்டத்துச் சந்துச் சாலைகளின் இரு பக்கமும் கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய உயரமான கரை, அதன்மேல் புதர்வேலி. ஒரு வண்டி போகும் அகலம். விடிகம் கிராமத்தை நோக்கிப் போகும்போது எதிரே டிராக்டர் வந்தால் இருபது மோட்டார் சைக்கிள்கள் எங்கே ஒதுங்கும்?

போஸ்ட்பிரிட்ஜ் அருகே பி3212 சாலைக்கு ஒரு பழங்கதையும் உண்டு. மயிரடர்ந்த இரண்டு கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்புகின்றன என்பார்கள். 1921-இல் பிரின்ஸ்டவுன் சிறையின் மருத்துவர் ஒருவர் சைடுகார் பூட்டிய மோட்டார் சைக்கிளில் போய் அங்கே உயிரிழந்தது கதைக்கு வலுச் சேர்த்தது. சாலையின் குறுக்குச் சாய்வு வண்டியை ஓரத்துக்கு இழுத்திருக்கும் என்பதே நிதானமான விளக்கம். கிளப்பில் சைடுகார் வண்டி இருந்தால் அது வழக்கமாகவே சாய்வுப் பக்கம் இழுக்கும். நாள் முழுக்க அதை எதிர்த்துப் பிடிக்கும் கைகளுக்கு நடுநடுவே ஓய்வு வேண்டும்.

கூட்டத்தை நடத்தும் முறை

இரு மூர்களும் கூட்டத்தை நடத்துவதிலும் வேறுபடுகின்றன. பழகிய முறை இது: முன்வண்டி ஒரு சந்திப்பை அடைந்ததும் தனக்கு அடுத்து வருபவரைக் கைகாட்டி நிறுத்துகிறது. அவர் பாதுகாப்பான ஓரத்தில் நின்று பின்னால் வருவோருக்கு வழி காட்டுகிறார். மஞ்சள் சட்டை போட்ட கடைசி வண்டி கண்ணில் பட்டதும் அதற்கு முன்னே சேர்ந்துகொள்கிறார். யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. சூடான எஞ்சினோடு மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும் வண்டியை மட்டும் திருப்பத்தில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிளேக்கி முகட்டில் வண்டிகள் ஒரு மைல் நீளத்துக்குச் சிதறினாலும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியும். பெரிய கூட்டத்தை அது தாங்கும். டார்ட்மூரிலோ ஐந்தாறு வண்டிகளாகப் பிரித்து, கால் மணி இடைவெளியில் அனுப்புவதே நல்லது.

வானிலையிலும் இரண்டும் எதிர்த்திசை. யார்க் மூர்ஸுக்குக் கிழக்குக் காற்றோடு வட கடலின் குளிர்ந்த பனிமூட்டம் வரும். விட்பியை மூடிய மூட்டம் உள்ளே போகப் போக விலகக்கூடும், நேரத்தைத் தள்ளிப் போட்டால் போதும். டார்ட்மூரில் அட்லாண்டிக் பக்கமிருந்து வரும் மேகம் மேடையின்மேலேயே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு வழியையே மாற்ற வேண்டும்.

ஓய்வுக்கு இரண்டிலும் சுரங்கத் தொழிலாளிகள் காலத்து விடுதிகள் காத்திருக்கின்றன. பிளேக்கி முகட்டில் லயன் இன், சுமார் 400 மீட்டர் உயரத்தில். பி3212 ஓரத்தில் வாரன் ஹவுஸ் இன், 434 மீட்டரில். வாரன் ஹவுஸின் அடுப்பு 1845 முதல் அணையாமல் எரிவதாகச் சொல்வார்கள். நனைந்த கையுறையை அதன் எதிரே காயவைக்கும்போது அந்தக் கதையை நம்பத் தோன்றும்.

எதற்கு எது?

பெரிய கூட்டம், 1950-60-களின் வண்டிகள், பிரேக் கட்டைகள் புதிது என்றால் யார்க் மூர்ஸுக்குப் போகலாம். ஹெதர் பூத்து முகடு முழுக்க ஊதா நிறமாகும் ஆகஸ்ட் பிற்பகுதியே அதன் காலம். சிறிய கூட்டம், 1930-களின் மூத்த வண்டிகள், அவசரமில்லாத மனிதர்கள் என்றால் டார்ட்மூர். அங்கே எல்லோருக்கும் ஒரே வேக வரம்பு, மூத்த வண்டிக்கும் அது போதும். இரவு பத்து மணியை நெருங்கும்வரை வெளிச்சம் நீளும் ஜூன் மாதம் அதற்கு உகந்தது.

யார்க்‌ஷயரின் திட்டத்தில் பெரும்பகுதியை மேசையிலேயே முடித்துவிடலாம். டார்ட்மூரின் திட்டம் சாலையில்தான் முடியும், ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வோர் ஆட்டைக் கண்டும். இரண்டிலும் மாறாதது ஒன்று. பல பத்தாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தொழிலாளி பூட்டிய பிரேக்கை நம்பி ஒருவர் கடைசியில் வந்துகொண்டிருக்கிறார். மஞ்சள் சட்டை அவருக்குப் பின்னால் வருகிறது. அது தங்கும் இடத்தின் வாசலில் வந்து நின்று எஞ்சினை அணைக்கும்போதுதான் அன்றைய பயணம் முடிகிறது.