தீவகத்துக் கூரைகள்: ஓலையிலிருந்து சீற் வரை

ஒரு வீட்டின் வயதைச் சுவரைக் கொண்டு மதிப்பிடலாம். அந்த வீட்டில் ஆட்கள் தொடர்ந்து வாழ்ந்தார்களா என்பதைக் கூரைதான் சொல்லும். சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய சுவர் ஐம்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றும் நிற்கும். கூரை அப்படி நிற்காது. ஓலைக் கூரை இரண்டு மூன்று மாரிக்குள் உக்கிவிடும். ஓட்டுக் கூரையில் ஒரேயொரு ஓடு விலகினாலும் போதும். அவ்வழியே இறங்கும் நீர் சிலாகையை உக்கச் செய்து, சில ஆண்டுகளில் ஒரு பக்கத்தையே கீழே கொண்டுவந்துவிடும்.

யாழ்ப்பாணத் தீவகத்தில், குறிப்பாக ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கங்களில், முகடில்லாத சுவர்களை இன்றும் காணலாம். வெளியூரிலிருந்து வருவோர் அவற்றைப் பார்த்ததும் "ஷெல் விழுந்த வீடுகள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஷெல் விழுந்தவையும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பல வீடுகளை வீழ்த்தியது ஆளின்மை. ஓடு மாற்றுவதற்கு ஒருவர் இல்லாமற் போனதுதான் அவற்றுக்கு விழுந்த ஷெல். தீவகத்துக் கூரைகளின் வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயின. இவற்றுள் மக்கள் நாவில் நிலைத்தது நெடுந்தீவுக்கு வைத்த டெல்ப்ற் என்னும் பெயர் மட்டுமே. பெயர்களை மாற்றியவர்களால் கட்டடப் பொருள்களை மாற்ற முடியவில்லை. நெடுந்தீவில் அவர்கள் பயன்படுத்திய கோட்டையும் முருகைக்கல்லால் ஆனதுதான். அத்தீவின் வளவுகளைப் பிரிக்கும் வேலிகள் சாந்து இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டியவை. கல்லும் சுண்ணாம்பும் கடல் தந்தன. கூரையைத் தந்தது பனை.

பனை வீட்டுக்கு இருவகையில் உதவியது. முதிர்ந்த பனையின் வெளிப்புற வைரம் தீராந்தியும் கைமரமும் சிலாகையும் ஆனது. நன்கு முதிர்ந்த பனை வைரத்தைக் கறையான் எளிதில் அண்டாது. உப்புக் காற்றும் அதை விரைவில் வெல்லாது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பனைமரம் கொழும்புக்கும் இந்தியக் கரைகளுக்கும் கப்பலேறியது. வில்லியம் பேர்குசன் 1850இல் பனையைப் பற்றித் தனி நூலே எழுதினார்; 1859இல் வெளிவந்த எமர்சன் தெனன்ற் அவர்களின் இலங்கை வரலாற்று நூலும் பனைக்கு விரிவான இடம் தந்தது. அந்நியர் கண்ணில் பனை வாணிபப் பொருளாகப் பட்டது. ஊராருக்கோ அது தலைக்குமேல் இருந்த பாதுகாப்பு.

பனையின் அடுத்த உதவி ஓலை. வேய்வதற்கான ஓலையை வெட்டி, அடுக்கி, பாரம் வைத்துப் படிய விடுவார்கள். படிந்து காய்ந்த ஓலையை இறப்பிலிருந்து முகடு நோக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் வேலை முடிந்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பகுதி வாடைக் காற்றோடு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்துவிடுவதால், பிந்தினால் பிந்தியதுதான். கழற்றிய பழைய ஓலையும் வீணாகாது. அது புகையிலைத் தோட்டத்தில் தாழ்க்கப்பட்டுப் பசளையாகும்.

இங்கே கவனிக்கவேண்டியது, ஒருவர் தனியே தன் வீட்டை வேய முடியாது என்பது. ஓலை வெட்ட ஒருவர், எடுத்துக் கொடுக்க ஒருவர், மேலே இருந்து கட்ட இருவர் என்று ஆள் வேண்டும். இன்று உன் வீடு, நாளை என் வீடு என்று அயல் ஒன்றுகூடும். வேய்ச்சல் நாளில் சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு. ஓலைக் கூரை இரண்டு மூன்று ஆண்டுகளில் உக்கியது அதன் குறைதான். அந்தக் குறையே அயலவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வளவில் கூட்டியது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஓடு வந்த கதை வேறு. பழைய பீலி ஓடு ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்களிலும் வசதிபடைத்தோர் வீடுகளிலும் இருந்தது. ஓடு அக்காலத்தில் வெறும் கட்டடப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. தகுதியின் அடையாளமாகவும் இருந்தது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில், அங்கே சாதாரண மக்கள் ஓடு போடவோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசவோ அனுமதிக்கப்படவில்லை என்று எழுதியுள்ளார். மழை எல்லார்மீதும் ஒன்றாகத்தான் பெய்தது. அதைத் தடுக்கும் உரிமை ஒன்றாக இருக்கவில்லை.

ஓட்டைப் பொதுமக்களுக்கு எட்டச் செய்தது இயந்திரம். பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்தோனி சகோதரர்கள் 1841இல் ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளும் தட்டை ஓட்டுக்கு உரிமம் பெற்றனர். அந்த வகை ஓட்டை பாசல் மிஷனைச் சேர்ந்த ஜோர்ஜ் பிளெப்ஸ்ற் 1865இல் மங்களூரில் செய்யத் தொடங்கினார். பின்னர் கள்ளிக்கோட்டையிலும் தொழிற்சாலை எழுந்தது. பீலி ஓட்டைவிடக் கூரைக்குப் பாரம் குறைவு. மரமும் குறைவாகவே போதும். பாய்க்கப்பல்கள் அதை இலங்கைக் கரைகளுக்குக் கொண்டுவந்து இறக்கின. அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில் தங்கொட்டுவ, வாய்க்கால் பக்கத்துச் சூளைகளில் சுட்ட ஓடும் "கள்ளிக்கோட்டை ஓடு" என்றே விலைப்பட்டது.

தீவகத்தில் இந்த ஓட்டை வாங்கிய பணம் பெரும்பாலும் தீவகத்தில் உழைத்ததன்று. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆட்கள் கொழும்பிலும் தென்னிலங்கையின் சிறு பட்டினங்களிலும் கடை வைத்தார்கள். வேறு சிலர் மலாயா சென்று உத்தியோகம் பார்த்தார்கள். அங்கிருந்து வந்த பணம் நாற்சார் வீடாகவும் ஓட்டுக் கூரையாகவும் உருவெடுத்தது. உழைத்தவர் வெளியூரில் இருந்தாலும் வீட்டில் தாயோ தம்பியோ இருந்தார். மாரிக்கு முன் யாராவது ஏறி, உடைந்த ஓட்டை மாற்றி, சருகு அடைத்த பீலியைத் துப்புரவாக்கினார்கள். 1964 டிசம்பர் 22, 23ஆம் திகதிகளில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி இலங்கையின் வடபகுதியையும் தாக்கியது. அப்படியான பேரழிவுக்குப் பின்னும் கூரைகள் மீண்டன. ஏனெனில் மீட்க ஆட்கள் இருந்தார்கள்.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தென்னிலங்கைக் கடைகள் எரிந்தபோது, கூரைக்கு வந்த பணம் முதலில் அறுந்தது. 1990, 1991 ஆகிய ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளோடு தீவகத்து மக்கள் குடாநாட்டுக்கும், அங்கிருந்து இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறினார்கள். அப்போது ஆளும் அறுந்தது.

அதே காலத்தில் வடக்கின் மற்றொரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்ததை இவ்விதழின் வாசகர்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். வெளியேறியோர் ஏறத்தாழ 70,000 முதல் 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி. கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகத் தெருவின் வீடுகள் அன்று மாலையே ஆளற்றுப் போயின. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். இரு இடப்பெயர்வுகளும் ஒன்றல்ல. காரணமும் பொறுப்பும் வேறு. ஆனால் கூரை நோக்கில் விளைவு ஒன்றுதான். அடுத்த மாரிக்கு முன் ஏறுவதற்கு ஆள் இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. 1990க்குப் பின் அரசாங்கம் விதித்த பொருளாதாரத் தடையால் சீமெந்தும் இரும்பும் வடக்குக்குப் போவது தடைப்பட்டது. யாழ்ப்பாணத்து இரும்புக்கடைகள் பலவற்றை நடத்தியவர்கள் முஸ்லிம்கள். அந்தக் கடைகளும் பூட்டப்பட்டுவிட்டன. புதுப் பொருள் வராத ஊரில் பழைய வீடே கடையாகிறது. ஆளற்ற வீடுகளிலிருந்து ஓடும் சிலாகையும் கதவும் நிலையும் கழற்றப்பட்டன, கைமாறின, விலைப்பட்டன. ஒரு தெருவின் கூரை மற்றொரு தெருவுக்குப் போயிற்று. இது களவு என்பதில் ஐயமில்லை. தட்டுப்பாடு அந்தக் களவுக்குச் சந்தை அமைத்துக் கொடுத்தது என்பதையும் வரலாறு எழுதுவோர் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டிலுக்குள் புகுந்தார்கள். என் பிள்ளைப்பருவத்தின் பெரும்பகுதி அத்தகைய ஒரு கூரையின் கீழ்தான் கழிந்தது. தென்னங்கிடுகு ஓர் ஆண்டுக்கு மேல் நன்றாக நிற்காது. மூன்று மாதத்தில் திரும்பிவிடுவோம் என்று வேய்ந்த கிடுகை, மாற்றி மாற்றி வேய்ந்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2007இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளத்தில் நிரந்தர வீட்டுத்திட்டம் தொடங்கியபோது முகாமில் எழுந்த கேள்வி கூரையைப் பற்றியதுதான். இங்கே ஓடு போட்டுவிட்டால், "உனக்குத்தான் வீடு இருக்கிறதே" என்று அங்கே சொல்லிவிடுவார்களோ? மழைக்கு ஒதுங்குவதா, ஊர் உரிமையைக் காப்பதா என்ற இக்கட்டில் ஒரு குடும்பத்தை நிறுத்துவது எவ்வளவு கொடுமை என்பது, கிடுகுக் கொட்டிலில் நனைந்தவர்களுக்குத் தெரியும்.

2009இல் போர் முடிந்தபின் இரு தரப்பாரும் தங்கள் சுவர்களைத் தேடித் திரும்பினார்கள். 2012இல் ஆரம்பமான இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரும்பகுதியில், பயனாளி தாமே வீடு கட்டும் முறையில் புதுவீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்தத்துக்கு 250,000 ரூபாவும் வழங்கப்பட்டன. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது பேருதவி. ஆயினும் சுவர் நின்று கூரை போன ஒரு பழைய நாற்சார் வீட்டை, அதன் மரத்தோடும் ஓட்டோடும் மீட்பதற்குத் திருத்தத் தொகை எம்மட்டும் போதும்? தீவுகளில் செலவு இன்னும் ஏறும். நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகும் ஒவ்வோர் ஓடும் லொறியில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, கைமாறிப் படகேறி, மறுகரையில் மீண்டும் கைமாற வேண்டும். வழியில் உடைவதும் வாங்கியவர் கணக்கில்தான் சேரும்.

எனவே சீற் வந்தது. அஸ்பெஸ்டஸ் தகடு பெரியது, விரைவில் முடியும், மரம் குறைவு, ஆண்டுதோறும் ஏற வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி ஊரில் வீடு கட்டுவோருக்கு இது வசதி. ஆள் தேவைப்படாத கூரை, ஆளற்ற ஊருக்குப் பொருந்திப்போனது. அதன் விலை வேறிடத்தில் கொடுக்கப்படுகிறது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. தகட்டை வெட்டும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசியே பெரிய ஆபத்து. இலங்கை அரசு 2018 முதல் இறக்குமதியைத் தடைசெய்யத் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை எங்களுக்கு விற்பதும் ரஷ்யாதான். சில நாட்களில் அஸ்பெஸ்டஸ் தடை தளர்ந்தது, தேயிலையும் மீண்டும் கப்பலேறியது. நெடுந்தீவில் ஒரு குடும்பத்தின் தலைக்குமேல் என்ன இருக்கும் என்பது மொஸ்கோவரை நீண்டது இப்படித்தான்.

பழையபடி எல்லாரும் ஓலைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓலை வீட்டில் பாம்புக்கும் நெருப்புக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு அது உவப்பான அறிவுரையாகாது. முருகைக்கல் அகழ்வதும் 1988 முதல் சட்டப்படி தடை. அது தேவையான தடையே. நான் சொல்ல வருவது வேறு. உதவி செய்யும் நிறுவனங்கள் ஒரு வீட்டை ஒருமுறை கட்டி முடித்துப் படம் எடுத்துக்கொள்கின்றன. கூரைக்கு வேண்டியதோ ஆண்டுதோறும் ஒரு கை. ஓடு மாற்றத் தெரிந்த இரண்டு பேரை ஒவ்வோர் ஊரிலும் பயிற்றி வைப்பதும், மாரிக்கு முன் முதியோர் வீடுகளைப் பார்த்துவரச் சிறுதொகை ஒதுக்குவதும், புதுவீடு ஒன்றின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களே இதைச் செய்யலாம். நயினாதீவு போன்ற ஒரு சிறு தீவில் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. மூன்றின் கூரையும் பழுதில்லாமல் இருப்பது அவற்றுக்கு ஆட்கள் இருப்பதால்தான்.

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. தீராந்தி, கைமரம், சிலாகை, இறப்பு, பீலி ஆகிய சொற்களை வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். சொல் போனால் வேலையும் போகும். வேலை தெரிந்தவர் போனால் அடுத்த மாரிக்குக் கூரையும் போகும். தீவகத்திலும் சோனகத் தெருவிலும் முகடிழந்து நிற்கும் வீடுகளை, யார் வாழ்ந்தார்கள், எந்த ஆண்டு போனார்கள், கூரை எப்போது விழுந்தது என்று பிள்ளைகளைக் கொண்டே பதிவு செய்யலாம். சுவர்கள் விழுமுன் இதைச் செய்துவிட வேண்டும்.