தொண்டைமானாற்று மரக்கறிச் சமையல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வல்வெட்டித்துறைக்கு மேற்கே அமைந்த தொண்டைமானாற்றிலும் அயலூர்களிலும் விரத நாள்களிலும் கோயில் மடங்களிலும் ஆக்கப்படும் சைவச் சாப்பாடு. ஊர் மீன்பிடிக்குப் பேர்போனது. ஆயினும் வெள்ளிக்கிழமை, கந்தசட்டி, செல்வச்சந்நிதி முருகனின் ஆவணித் திருவிழா ஆகிய நாள்களில் பல வீடுகளின் அடுப்பில் மச்சம் ஏறுவதில்லை.

வரலாறு

கரணவாய், வெள்ளப்பரவை ஆகிய இடங்களில் விளைந்த உப்பை ஏற்றிச் செல்லத் தொண்டைமான் என்பவன் வெட்டுவித்த ஆறு இது என்கிறது மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை. ஊர்ப்பெயரே உப்போடு தொடங்குவதால், சமையலை ஆராய்வோர் இதைத் தாண்டிப் போக முடியாது. ஆறு என்று வழங்கினாலும் இது கடனீரேரி கடலோடு சேரும் வாய்தான். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. கரையோர மணலில் தென்னையும் பனையும் நிற்க, மரக்கறித் தோட்டங்கள் உள்நாட்டில், அச்சுவேலிப் பக்கத்துச் செம்மண்ணில், கிணற்று நீரை நம்பி விளைகின்றன.

ஆற்றங்கரையில் உள்ள செல்வச்சந்நிதியின் முதற் பூசகர் மருதர் கதிர்காமர். கடற்றொழில் செய்தவரான அவரை முருகனே ஆட்கொண்டு, 65 ஆலிலைகளில் அமுது படைக்கும்படி பணித்தான் என்பது தலவரலாறு. பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமின்றிப் பூசை செய்யும் முறையும் அன்றிலிருந்து வருவது. இவ்வூர்ச் சைவ உணவின் தொடக்கத்தை இந்த ஆலிலைப் படையலிலிருந்தே கொள்ள வேண்டும். ஆறுமுக நாவலர் (1822–1879) தமது பாலபாடங்களில் புலாலுண்ணலைக் கண்டித்து எழுதியது படித்த குடும்பங்களில் இப்பழக்கத்தை உறுதிப்படுத்தியது, தோற்றுவிக்கவில்லை. அடியார்க்குச் சோறிடுவதே இங்கு தலையாய தொண்டு என்பதால் இறைவனுக்கு ‘அன்னதானக் கந்தன்’ என்னும் பெயர் நிலைத்தது.

வகைப்பாடு

இச்சமையலைக் காய்களின் பெயரால் வகுப்பது பயனற்றது. சந்தையில் கிடைக்கும் காய்கள் சிலவே. வகை செய்முறையில் இருந்து வருகிறது. கத்தரிக்காயைக் கொண்டே இதைக் காட்டலாம். மிளகாய்த்தூள் சேர்க்காமல் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பாலும் விட்டால் அது பால்கறி. எண்ணெயில் பொரித்தெடுத்துப் புளியும் தூளும் கூட்டிக் காய்ச்சினால் பொரித்த குழம்பு. நீர் வற்றக் கிண்டினால் பிரட்டல். சுட்டோ பொரித்தோ வெங்காயம், தேசிக்காய்ப் புளியோடு பிசைந்தால் சம்பல். நான்கும் ஒரே பந்தியில் வந்தாலும் உண்பவருக்குச் சலிக்காது.

வறை தனி இனம். பொடியாக அரிந்ததைத் தேங்காய்ப்பூவோடு ஈரம் போக வறுப்பது. முருங்கையிலை, பயிற்றங்காய், வாழைப்பொத்தி, பாகற்காய் எல்லாம் இதற்கு உகந்தவை. கோவா வறை பின்னாளில் வந்தது, மதிக்கத்தக்கதன்று. சொதி தேங்காய்ப்பாலால் ஆவது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே தேசிக்காய் பிழிய வேண்டும், முந்தினால் திரைந்துவிடும். சோற்றுக்கு மட்டுமன்றி இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் இதுவே துணை. துவையல், பச்சடி, இரசம் முதலியன பிற தமிழ்ப் பகுதிகளுக்கும் பொதுவானவை. இங்கு விரிக்க வேண்டியதில்லை. சாம்பார் இவ்வூருக்கு விருந்தாளி.

பந்தியின் ஓரத்தில் மோர்மிளகாயும் வடகமும் வைப்பர். வேப்பம்பூவை உழுந்தோடு சேர்த்து உருட்டி வெயிலில் காயவைத்த வடகத்துக்கு ஈடான ஒன்று கடையில் கிடைப்பதில்லை.

இலைகளும் பனையும்

காய் குறைந்த மாதங்களை இலைகள் ஈடுசெய்கின்றன. வல்லாரை பச்சையாகச் சம்பலாகிறது. சண்டியிலை வறையாகிறது. தவசிமுருங்கை, முசுட்டை, முடக்கொத்தான் போன்றவற்றின் சாறு அரிசியோடும் தேங்காய்ப்பாலோடும் சேர்ந்து இலைக்கஞ்சி ஆகிறது. அகத்தி, ஏகாதசி விரதத்துக்கு மறுநாள் பாரணையில் தவறாமல் இடம்பெறும். வேலிகளில் தானே படரும் இலைகளும் இவற்றில் உண்டு என்பதால் செலவும் குறைவு.

பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்பை வடித்த பின்னரே பிட்டோ கூழோ ஆக்குவர். ஒடியற்கூழ் என்றால் மீனும் நண்டும் இறாலும் நினைவுக்கு வரும். விரதகாரருக்கு அவற்றின் இடத்தில் பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை சேரும். புளியும் செத்தல்மிளகாயும் மாறுவதில்லை. மரவள்ளி அவிக்கும் நாளில் இஞ்சி சேர்ப்பதில்லை என்பது வீடுதோறும் கைக்கொள்ளும் விதி. குரக்கன் பிட்டு, இராசவள்ளிக்கிழங்குக் களி, பனாட்டு ஆகியன அரிசியின் ஏகபோகத்தை ஓரளவு குறைக்கின்றன.

இன்றைய நிலை

சோயாமீற், காளான், கரட் ஆகியன இப்போது எங்கும் கிடைக்கின்றன. மரக்கறியில் இல்லாத பி12 உயிர்ச்சத்துக்குப் பாலும் தயிரும் ஓரளவு உதவும். அவற்றையும் விலக்குவோர் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். செல்வச்சந்நிதித் திருவிழா ஆவணி அமாவாசையை ஒட்டித் தொடங்கிப் பூரணையில் தீர்த்தத்தோடு முடிகிறது. சந்நிதியான் ஆச்சிரமம் உட்படக் கோயிலைச் சூழ்ந்த மடங்களில் அன்னதானம் நடைபெறுகிறது.