பால்வாடியின் ஒரு நாள்: சின்னச் சின்ன விதிகள், பெரிய வரலாறு

பொம்மிடியில் வயதான பாட்டி யாரையாவது நிறுத்தி, "அங்கன்வாடி எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "பால்வாடியா?" என்று திருப்பிக் கேட்பார். அவர் மகளிடம் கேட்டால் "சத்துணவு ஸ்கூலா?" என்பார். வாசல் போர்டிலோ "குழந்தைகள் மையம்" என்று இருக்கும். ஒரே கட்டடத்துக்கு எத்தனை பெயர்! அங்கே நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும், ஒவ்வொரு விதிக்கும் இப்படித்தான் ஒரு பழைய கதை இருக்கிறது. காலையில் கதவு திறப்பதிலிருந்து சாயங்காலம் பூட்டுவது வரை அந்தக் கதைகளை வரிசையாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்

பால்வாடி என்றதும் நம்மில் பலர் பால் கொடுக்கும் இடம் என்றுதான் நினைத்திருப்போம். உண்மையில் அந்தப் "பால்" நம்ம ஊர்ப் பால் இல்லை. குஜராத்தி, மராத்தி மொழிகளில் "பால்" என்றால் குழந்தை, "வாடி" என்றால் தோட்டம். குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்கா 1920இல் ஒரு குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக், 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரையோரம் போர்டி என்ற கிராமத்தில் ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளி ஆரம்பித்தார். வீட்டு வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. சரி, அவர்கள் வராவிட்டால் பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்று முடிவு செய்தார். "ஆங்கன்" என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் வந்த வழி இதுதான்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் வந்து, சுமார் 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதால், பிரிட்டிஷ் இந்தியாவில் அவர் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார்! கொஞ்ச நாளுக்கு வந்தவர் கொடைக்கானலில் எல்லாம் தங்கும்படி ஆயிற்று. குழந்தை தன் கையால் தொட்டு, அடுக்கி, கொட்டிக் கற்கட்டும் என்ற அவருடைய எண்ணம் இந்தியா முழுக்கப் பரவியது. இன்றைக்கு நம்ம அங்கன்வாடியில் "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்ற பாடத்திட்டத்தில் மணியும் விதையும் அடுக்கும் குழந்தை, அந்த எண்ணத்தின் தூரத்துச் சொந்தம்தான்.

தராசு

அங்கன்வாடியில் மாதா மாதம் தவறாமல் நடப்பது எடை போடுவது. குழந்தை அழும், காலை உதறும், டீச்சர் ஒரு கையால் பிடித்துக்கொண்டே முள்ளைப் பார்ப்பார். பிறகு ஒரு அட்டையில் புள்ளி வைப்பார். டேவிட் மார்லி என்ற ஆங்கிலேய டாக்டர் நைஜீரியக் கிராமத்தில் வேலை செய்தபோது உருவாக்கிய வளர்ச்சி அட்டையின் வழிவந்தது அது. படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் கோடு மேலே போகிறதா கீழே போகிறதா என்பது புரியும். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் (ஐ.சி.டி.எஸ்.) 1975 அக்டோபர் 2 அன்று, நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் சோதனையாக ஆரம்பித்தது. அதற்கு அடித்தளம் போட்டது மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் கொடுத்த அறிக்கை. தமிழ்நாட்டில் தராசை மையமாக வைத்தே இன்னொரு திட்டம் 1980இல் வந்தது. உலக வங்கிக் கடனுதவியோடு, மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் ஆரம்பித்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதா மாதம் எடை போட வேண்டும். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு. தேறிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பணம் வீணாகக் கூடாது, தேவைப்படுகிறவனுக்கு மட்டும் போக வேண்டும் என்பது கணக்கு.

ஒரு காமர்ஸ் மாணவனாகப் பார்த்தால் இந்தக் கணக்கில் குறையே சொல்ல முடியாது. ஆனால் இரண்டே வருஷத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு கணக்கு வந்தது.

தட்டு

அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போவோம். 1920இல் சர் பி. தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. 1956இல் காமராஜர் மதிய உணவை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982 ஜூலை 1 அன்று, திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இது பள்ளிப் பிள்ளைகளோடு நிற்கவில்லை. கிராமத்தில் 2 வயது முதல் உள்ள சின்னக் குழந்தைகளுக்கும் சேர்த்து வந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் வேலைகளில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுக்கப்பட்டது.

கஜானா காலியாகிவிடும், இது ஓட்டுக்காக என்று அன்று பலரும் விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது, செலவு நிஜமாகவே பெரியது. ஆனால் தராசுத் திட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு குழந்தைகளில், உனக்கு உண்டு, உனக்கு இல்லை என்று டீச்சர் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் தட்டு வைத்துவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை. வீட்டில் இல்லாதவன் யார் என்று ஊருக்குத் தெரிவதும் இல்லை. கடைசியில் தமிழ்நாடு ஒன்றை எடுத்து ஒன்றை விடவில்லை. இன்றைக்கு அங்கன்வாடியில் தராசும் உண்டு, எல்லாருக்கும் தட்டும் உண்டு.

"இங்கேயே உட்கார்ந்து சாப்பிடணும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது" என்ற விதியைப் பலர் கடுமையாக நினைப்பார்கள். அதற்கு அர்த்தம் இருக்கிறது. தூக்கு வாளியில் வீட்டுக்குப் போன சோறு ஐந்து பேருக்குப் பங்காகிவிடும். அதில் கடைசிக் கவளம்தான் சின்னதற்கு, அதுவும் பெண் குழந்தையாக இருந்தால் இன்னும் குறைவு. பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதற்கு இன்னொரு பயனும் உண்டு. யார் சமைத்தார், யார் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று பார்க்கிற பழக்கம் அந்த வரிசையில் உடைய வேண்டும். சுலபமாக உடையவில்லை என்பதும் உண்மை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் ஒரு பள்ளியில், தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் பிரச்சினை செய்தது செய்திகளில் வந்தது நினைவிருக்கும்.

முட்டைக்கு முத்திரை

1989இல் கலைஞர் ஆட்சியில் சத்துணவோடு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998இல் வாரம் ஒன்று ஆனது. பிறகு எண்ணிக்கை கூடிக்கொண்டே போய், அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு வாரம் மூன்று என்றானது. அந்த முட்டை ஓட்டின் மேல் மையால் ஒரு முத்திரை இருக்கும். ஏன்? முட்டையைக் கடைக்கு விற்றுவிடுவது சுலபம். சாம்பாரில் பருப்பு குறைந்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் முத்திரை போட்ட முட்டை டீக்கடையில் இருந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆடிட்டிங் வகுப்பில் அகக்கட்டுப்பாடு என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். அதன் மிகச் சிறந்த உதாரணம் ஒரு முட்டை ஓட்டின் மேல் இருக்கிறது!

அடுப்படி தனியாக

சில விதிகள் அறிக்கையிலிருந்து வரும். சில விதிகள் சாவிலிருந்து வரும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். சத்துணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ கூரைக்குப் பரவியது. குழந்தைகள் இருக்கும் இடத்தில் கீற்றுக்கூரை கூடாது, அடுப்பு தனியாக இருக்க வேண்டும் என்பதில் அதற்குப் பிறகுதான் கண்டிப்பு வந்தது. "அடுப்பாண்ட போகாதே" என்று ஆயா அதட்டும்போது அதில் அந்த 94 பேரும் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நோட்டுப் புத்தகம்

குழந்தைகள் தூங்கும் மத்தியானத்தில்தான் டீச்சர் எழுத உட்காருவார். வருகை, எடை, அரிசி பருப்பு இருப்பு, தடுப்பூசி, கர்ப்பிணிகள் பட்டியல், பிறப்பு, இறப்பு... 2021 முதல் இதோடு போஷன் டிராக்கர் என்ற செல்போன் செயலியும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பதிவேடுகள் நம்ம மாவட்டத்தில் வெறும் காகிதம் அல்ல. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தருமபுரி மாவட்டத்தில் 6 வயது வரை 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். மீதிப் பெண் குழந்தைகள் எங்கே போனார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் இங்கேயும் வந்தது. 2011 கணக்கெடுப்பில் அந்த எண் 900ஐத் தாண்டியது. சட்டம், பிரசாரம், படிப்பு என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார், பிறந்த குழந்தை அடுத்த மாதம் தராசுக்கு வந்ததா என்று பெயரோடு எழுதி வைத்திருந்தவர் அங்கன்வாடிப் பணியாளர். ஒரு பெண் குழந்தையின் பெயர் முதன்முதலாக அரசாங்கத்தின் ஒரு நோட்டில் ஏறுவது பல சமயம் அங்கேதான்.

இவ்வளவு கணக்கு எழுதுகிறவரின் கணக்கு என்ன? ஐ.சி.டி.எஸ். விதிப்படி அவர் பெறுவது சம்பளம் அல்ல, "மதிப்பூதியம்". தமிழ்நாடு தன் பங்குக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் கொடுக்கிறது. 2006இல் உச்ச நீதிமன்றம், அவர்கள் வகிப்பது அரசுப் பணியிடம் அல்ல என்றது. 2022 ஏப்ரல் 25 அன்று அதே நீதிமன்றம், குஜராத் வழக்கொன்றில், அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. தொடங்கி 47 வருஷம் ஆகப்போகும் நேரத்தில்!

பூட்டும் நேரம்

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகத் தெரிவது கடைசி விதிதான். சாயங்காலம் நாலு மணிக்குள் பூட்டிவிடுவார்கள். அப்போது அம்மா எங்கே இருப்பார்?

குழந்தைக்கு உணவு என்று வந்த வரலாறு ஒரு பாதை. வேலைக்குப் போகும் அம்மாவுக்கு உதவி என்று வந்த வரலாறு இன்னொரு பாதை. தேயிலைத் தோட்டங்களில் இரண்டாவது பாதை மிகப் பழையது. வால்பாறையிலோ இலங்கை மலையகத்திலோ "பிள்ளைக் காம்பரா" என்றால் யாருக்கும் தெரியும். அம்மா காலையில் கொழுந்தெடுக்கப் போகும் முன் குழந்தையை அங்கே விடுவார், வேலை முடிந்து வாங்கிக்கொள்வார். அதன் நேரம் அம்மாவின் வேலை நேரம். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்துக்கு அதைக் கட்டாயமாக்கியது. 1948 தொழிற்சாலைச் சட்டமும் 50 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அது 30 ஆனது. கட்டட வேலைத் தளங்களில் மண் குவியலில் கிடந்த குழந்தைகளைப் பார்த்து, 1969இல் டெல்லியில் மீரா மகாதேவன் "மொபைல் கிரெஷ்" அமைப்பைத் தொடங்கினார். 2005 ஊரக வேலை உறுதிச் சட்டத்திலும், தளத்துக்கு 5 சின்னக் குழந்தைகள் வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

கவனியுங்கள், எல்லாமே ஒரு முதலாளியோ ஒரு வேலைத்தளமோ இருந்தால்தான். அடுத்தவர் காட்டில் களையெடுக்கப் போகும் அம்மாவுக்கும், பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலேறி சேலம் பக்கம் வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் எந்த எண்ணிக்கை பொருந்தும்? அவர் குழந்தைக்கு இருப்பது அங்கன்வாடி மட்டும். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. நாலு மணிக்குப் பிறகு குழந்தை பாட்டியிடம் போகும், இல்லையென்றால் எட்டு வயது அக்காவிடம் போகும். தாராபாய் மோடக் 1945இல் பார்த்த அதே அக்காதான்! மையத்தையே நாள் முழுவதும் நடக்கும் காப்பகமாகவும் ஆக்கலாம் என்று 2022இல் மத்திய அரசு "பால்னா" என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. எண்ணம் சரியானது. ஆனால் ஏற்கெனவே எடை, சோறு, பாட்டு, பதிவேடு என்று இருக்கும் அதே டீச்சர் தலையில் இன்னும் மூன்று மணி நேரத்தை ஏற்றினால் அது நடக்காது. கூடுதல் ஆளும் கூடுதல் சம்பளமும் வேண்டும். செலவாகும்தான். 1982இலும் அதைத்தான் சொன்னார்கள்.

தராசு, தட்டு, முத்திரை, தனி அடுப்படி, பதிவேடு... ஒவ்வொன்றும் யாரோ கேட்டு, யாரோ சண்டை போட்டு, சில சமயம் யாரோ செத்து வந்தவை. பூட்டும் நேரம் ஒன்றுதான் இன்னும் குழந்தைக்கும் அம்மாவுக்கும் ஏற்றபடி எழுதப்படாமல் இருக்கிறது. உங்க ஊர் மையம் எத்தனை மணிக்குப் பூட்டுகிறது, அதற்குப் பிறகு குழந்தைகள் யாரிடம் இருக்கிறார்கள்? ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்களேன்.