ஜியோகேஷிங்

ஜி.பி.எஸ். காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு, ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. ‘ஜியோ’ கிரேக்கத்தில் பூமி. ‘கேஷ்’, ஒளித்தல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து வந்தது. பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு. வட அமெரிக்கக் காடுகளில் தோல் வணிகர்கள் உணவைப் பதுக்கிவைத்த இடங்களுக்கு, ஒளித்தலைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் பெயர் வழங்கியது. 2000 மே 3 அன்று, ஜி.பி.எஸ். துல்லியத்துக்கு இருந்த கட்டுப்பாட்டை அமெரிக்க அரசு நீக்கிய மறுநாள், டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்தார். அதிலிருந்து தொடங்கிய இந்த விளையாட்டின் முதற்பெயரில் இருந்த ‘ஸ்டாஷ்’ திருட்டுப் பதுக்கலை நினைவூட்டியது. அம்மாதமே மாட் ஸ்டம் என்பவர் ‘ஜியோகேஷிங்’ என்னும் புதுப்பெயரை முன்மொழிந்தார். பெரியவர்களுக்குத் தேடல் சுவை. குழந்தைகளுக்கோ பெட்டிக்குள் கிடக்கும் பொம்மைகள்தாம். ஒன்றை எடுத்தால் ஈடாக ஒன்றை வைத்து, பெட்டியிலுள்ள ஏட்டில் பெயரெழுதி, பெட்டியை அதே இடத்தில் மறைப்பது முறை.