இரவல் அச்சில் ஓடிய கார்

வளைவில் திரும்பும் காரைக் கவனித்திருக்கிறீர்களா? உள்பக்கச் சக்கரத்தைவிட வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டினால் டயர் தேயும், வண்டி திரும்ப அடம் பிடிக்கும். எஞ்சினின் சக்தியை இரண்டுக்கும் கொடுத்து, அதே சமயம் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விடுகிற பல்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் 1827-லேயே நீராவி வண்டிக்காக இதை உருவாக்கினார்.

பெரிய கம்பெனிகள் இதை லட்சக்கணக்கில் செய்துகொள்ளும். வருடத்துக்குச் சில நூறு கார் விற்கும் கம்பெனி என்ன செய்யும்? அடுத்தவரிடம் வாங்கும். இங்கேதான் கதை தொடங்குகிறது.

வரியில் பிறந்த கார்

1957-ல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். கூரை இல்லை, கதவு இல்லை, எடை அரை டன் அளவுதான். அன்று அங்கே முழு காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரி பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் இல்லை! அதனால் நடுத்தர வர்க்க இளைஞர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, கொட்டகையில் வைத்துத் தாங்களே பூட்டினார்கள்.

பின் அச்சும் அதற்குள் இருக்கும் டிஃபரன்ஷியலும் மட்டும் எப்போதும் இரவல்தான். முதல் செவனுக்கு நாஷ் மெட்ரோபாலிடன் காரின் அச்சு. 1960-ல் வந்த இரண்டாம் வரிசைக்கு ஸ்டாண்டர்ட் கம்பானியன் அச்சு. கம்பானியன் என்பது ஸ்டாண்டர்ட் டென் காரின் எஸ்டேட் வடிவம். அந்த ஸ்டாண்டர்ட் குடும்பத்துக் கார்கள் நம் சென்னையிலும் தயாரானவை.

பொருந்தினால் போதுமா?

இரண்டாம் வரிசையில் ஒரு பாடம் கிடைத்தது. அச்சைப் பிடித்து நிறுத்தும் 'ஏ' வடிவச் சட்டத்தை டிஃபரன்ஷியல் கூட்டின் அடியிலேயே மாட்டினார்கள். சாதுவான குடும்பக் காருக்காகச் செய்த கூடு அது. ஸ்போர்ட்ஸ் காரின் இழுப்பையும் உதறலையும் தாங்க முடியாமல் நெளிந்தது, எண்ணெய் கசிந்தது. போல்ட் பொருந்திவிட்டது, ஆனால் வேலை பொருந்தவில்லை!

மாற்று டிஃபரன்ஷியல் தேடுபவர் பார்க்க வேண்டியவை பல. அகலம் சரியா, சக்கர போல்ட்டுகளின் இடைவெளி ஒன்றா, அரைத் தண்டுகளின் பற்கள் சேருமா, எடை கூடிவிடுமா... எல்லாவற்றுக்கும் மேலாகப் பல் விகிதம். 3.92 விகிதம் இருந்த இடத்தில் 3.38 போட்டால், எஞ்சின் அதே சுற்று சுற்றும்போது கார் சுமார் 16 சதவீதம் அதிக வேகத்தில் ஓடும். ஆனால் சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுவிசை அதற்கேற்பக் குறையும். ஒன்றைப் பெற ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

கைமாறிய கார்

1968-ல் மூன்றாம் வரிசைக்கு ஃபோர்ட் எஸ்கார்ட் அச்சு வந்தது. 1973-ல் பிரிட்டனில் கொள்முதல் வரி போய் வாட் வரி வந்தது. கிட் கார்களுக்கு இருந்த சலுகையும் போயிற்று. அதே வருடம் லோட்டஸ் இந்தக் காரைக் கைவிட, கேட்டர்ஹாம் என்ற விற்பனை நிலையத்தை நடத்திய கிரஹாம் நியர்ன் உரிமையை வாங்கினார்.

வரிப் பிரச்சினையைத் தாண்டிவிட்டார், அச்சுப் பிரச்சினை தொடர்ந்தது. 1980-ல் பின்சக்கர இயக்க எஸ்கார்ட் நின்றது. மோரிஸ் மரீனா அச்சுக்கு மாறினார்கள். அந்த வரிசையும் 1984-ல் முடிந்தது. 1980-களின் நடுவில் அமைப்பையே மாற்றி, டிஃபரன்ஷியலைச் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டும் டி டியோன் முறைக்குப் போனார்கள். அதற்கு ஃபோர்ட் சியராவின் டிஃபரன்ஷியல் கச்சிதமாக அமைந்தது, ஏனென்றால் சியராவிலும் அது அப்படித்தான் பூட்டப்பட்டிருந்தது.

1993-ல் சியராவும் நின்றது. அதன் பிறகு பழைய பாகங்களைப் பழுது பார்த்தும், காயலாங்கடைகளில் தேடியும்தான் பலர் காலம் தள்ள வேண்டியிருந்தது. பின்னாளில் புதிய கார்களுக்கு பி.எம்.டபிள்யூ டிஃபரன்ஷியல் வந்தது. 2013-ல் அறிமுகமான செவன் 160 மாடலுக்கு எஞ்சினோடு பின் அச்சையும் கொடுத்தது ஜப்பானின் சுசுகி.

வணிகம் படிப்பவர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. சில நூறு வாங்குபவனுக்காக எந்தப் பெரிய கம்பெனியும் ஒரு மாடலை நீட்டிக்காது. சப்ளை நிற்கும் நாளைச் சின்னவன் தீர்மானிக்க முடியாது. அடுத்ததற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளத்தான் முடியும்.

மெட்ரோபாலிடன், கம்பானியன், மரீனா, சியரா... கொடுத்த கார்களெல்லாம் போய்விட்டன. இரவல் வாங்கிய செவன் மட்டும் இன்றும் தயாராகிக்கொண்டிருக்கிறது!