நாவை நிர்ப்பந்திக்கலாமா?



பேசவிடாமல் தடுப்பது மட்டுமே கருத்துரிமைப் பறிப்பு எனப் பலரும் எண்ணுகின்றனர். உள்ளம் ஏற்காததைச் சொல்லுமாறு நாவை நிர்ப்பந்திப்பதும் அதற்கு நிகரான அநீதியே.

மக்கத்துக் குறைஷிகள் அம்மார் இப்னு யாசிர் (ரலி) அவர்களைச் சித்திரவதை செய்து, ஈமானுக்கு மாறான சொற்களைச் சொல்ல வைத்தனர். உள்ளம் ஈமானில் அமைதி கொண்டிருக்க, நிர்ப்பந்தத்தால் மொழிந்தவர் குற்றவாளியல்லர் என்பதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 106ஆவது வசனம் உணர்த்துகிறது.

எனினும், பின்னாளில் முஸ்லிம் ஆட்சியாளரே இத்தவற்றைச் செய்தனர். ஹிஜ்ரி 218இல் (கி.பி. 833) அப்பாஸிய கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என ஒப்புக்கொள்ளுமாறு காழிகளையும் ஆலிம்களையும் வற்புறுத்தினார். அச்சத்தால் பலர் இணங்கினர். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் இணங்கவில்லை. விலங்கிடப்பட்டார்கள், முஃதஸிமின் ஆட்சியில் கசையடியும் பட்டார்கள். அரசின் கொள்கை முதவக்கிலின் காலத்தில் கைவிடப்பட்டது. இமாமின் உறுதியோ இன்றும் நினைவுகூரப்படுகிறது.

நம் நாட்டிலும் ஒரு வழக்கு உண்டு. 1985 ஜூலையில் கேரளப் பள்ளியொன்றில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடாததற்காக நீக்கப்பட்டனர். கீதம் ஒலிக்கையில் அவர்கள் மரியாதையுடன் எழுந்தே நின்றனர். உயர் நீதிமன்றம் அவர்களின் மனுவைத் தள்ளியது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அவர்களை மீண்டும் சேர்க்கப் பணித்தது. பாடியே தீர வேண்டும் என எச்சட்டமும் கூறவில்லை. எனவே அந்நீக்கம் அரசமைப்பின் 19(1)(அ), 25ஆம் பிரிவுகளுக்கு முரணானது என்பதே தீர்ப்பின் சாரம்.

தேசிய கீதத்தை நாம் மனமுவந்து பாடுகிறோம். ஆயினும், எண்ணிக்கையில் மிகச் சிறிய பிரிவினர் பெற்ற அத்தீர்ப்பு நமக்கும் அரணாகும். மேல்மலையனூரில் அமாவாசைதோறும் அங்காளம்மன் கோயிலுக்குத் திரள்வோருக்கு நாம் வழிவிடுகிறோம், வழிபாட்டில் இணைவதில்லை. மரியாதை வேறு, நாவின் சாட்சியம் வேறு.

நமக்கு வேண்டும் இந்நீதியைப் பிறருக்கும் வழங்குவோம். நம் இல்லத்திலும் மதரஸாவிலும் பிள்ளைகளின் ஐயங்களை அதட்டி அடக்காமல், அறிவால் தெளிவிப்போம். அச்சத்தில் பிறந்த ஆமோதிப்பு ஈமானாகாது.

வல்ல அல்லாஹ் நம் உள்ளத்தையும் நாவையும் ஒன்றாக்கி வைப்பானாக. ஆமீன்.