லால் டோரா: ஒரு சிவப்புக் கோட்டின் வரலாறு

மேற்படிப்புக்காகத் தில்லி செல்லும் தமிழ் மாணவர் பலருக்கு முதல் முகவரியாக அமைவது முனிர்க்கா, பேர் சராய், கட்வாரியா சராய் போன்ற ஓர் ஊர்தான். ஒரு வீட்டு மாடத்தில் நின்று கைநீட்டினால் எதிர்வீட்டு மாடத்துக் கொடியில் காயும் துணியை எடுத்துவிடலாம் என்னும் அளவுக்கு அங்குள்ள சந்துகள் குறுகியவை. கீழ்த்தள அறைகள் நண்பகலிலும் விளக்கைக் கேட்கும். தீயணைப்பு வண்டி நுழையாத தெருக்களில் ஐந்து மாடிகள் எழுந்து நிற்கின்றன. சாலையைக் கடந்தால் ஆர்.கே. புரத்து அரசுக் குடியிருப்பு. அங்கே முன்புறத் திறந்தவெளி, பக்க இடைவெளி, மரநிழல் என எல்லாம் அளந்து விடப்பட்டிருக்கின்றன. ஒரு சாலையின் இரு கரைகளில் இரு வேறு நகரங்கள் இருப்பதற்குப் பேராசையும் அறியாமையும் காரணம் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அதைவிடப் பழமையான காரணம் ஒன்று வருவாய்த் துறை வரைபடத்தில் சிவப்பு மையால் இழுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் லால் டோரா.

லால் என்றால் சிவப்பு. டோரா என்றால் நூல். கிராமத்தின் குடியிருப்புப் பகுதியை விளைநிலத்திலிருந்து பிரித்துக் காட்டும் எல்லைக்கோடு அது. கோட்டுக்கு உள்ளே இருப்பதற்கு வருவாய் ஆவணங்களில் 'ஆபாதி தேஹ்' என்று பெயர். தேஹ் என்பது பாரசீகத்தில் ஊர். ஆபாத் என்னும் சொல்லை நீரைக் குறிக்கும் 'ஆப்' உடன் இணைத்து, நீருள்ள இடமே மக்கள் வாழும் இடம் என்று விளக்குவோர் உண்டு. அழகான விளக்கம், எனினும் காத்தல் என்னும் பொருளுடைய பழைய ஈரானிய வேர்ச்சொல்லிலிருந்து அது வந்தது என்பதே மொழியியலாளர் பெரிதும் ஏற்கும் கருத்து. பஞ்சாப், ஹரியானா ஊர்களில் குடியிருப்பைச் சுற்றி வரும் பாதைக்கு 'பிர்னி' என்று பெயர். சுற்றுதல் எனப் பொருள்படும் வினையிலிருந்து பிறந்த சொல். இவற்றுள் ஆபாதியும் பிர்னியும் ஊரார் வாழ்ந்து, நடந்து உண்டாக்கியவை. லால் டோரா மட்டும் தாளில் பிறந்து தரைக்கு இறங்கியது.

தில்லி அன்று பஞ்சாப் மாகாணத்தின் ஒரு மாவட்டம். அங்கு நடைமுறையில் இருந்தது 1887ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலவருவாய்ச் சட்டம். அதன் 4ஆம் பிரிவு கூர்ந்து படிக்கத்தக்கது. ஊர் அல்லது நகரம் அமைந்திருக்கும் மனையாகவும் தீர்வை விதிக்கப்படாததாகவும் உள்ள நிலத்துக்கு, கிராம வரி தொடர்பான தேவைகள் நீங்கலாக, அச்சட்டம் பொருந்தாது என்று அப்பிரிவு விலக்கிவைக்கிறது. வரி இல்லாத இடத்தில் அளவை எதற்கு, பதிவு எதற்கு என்பதே ஆட்சியின் கணக்கு. வயல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி 'கஸ்ரா' எண் பெற்றன; உழுபவர் யார், உரியவர் யார், என்ன விளைந்தது என்பவை பருவந்தோறும் எழுதப்பட்டன. நூற்றுக்கணக்கான வீடுகள் இருந்த ஆபாதிக்கோ பெரும்பாலும் மொத்தமாக ஒரே எண்தான். லால் டோரா என்னும் வழக்கு 1908 முதல் ஆவணங்களில் காணப்படுவதாக அரசு அறிக்கைகள் குறிப்பிடுகின்றன. அதற்கு முன்பே கோட்டின் கருத்து சட்டத்தில் இருந்தது. 1908 அதற்கு நிறம் தந்தது எனலாம்.

குடியிருப்புக்கு வரி விலக்குவது ஆங்கிலேயர் கண்டுபிடித்ததன்று. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர் ஊராக நிலத்தைக் கணக்கிடும்போது ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டே இறை கட்டும் நிலத்தைச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் இன்றும் வழங்கும் கிராம நத்தம் என்னும் வகைப்பாடு இம்மரபின் தொடர்ச்சி; மராட்டியத்தின் 'காவ்ட்டாண்' அதன் உறவு. தில்லியில் நேர்ந்தது வேறு. ஒரு வரிவிலக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் கட்டட விதிவிலக்காக உருமாறியது. அந்த மாற்றத்தைத் தெரிந்தே செய்தார்களா என்பது தனிக் கேள்வி.

கோட்டின் தடிமனைப் பற்றியும் ஒரு சொல். பஞ்சாப் மரபின் கிராம வரைபடங்கள் வழக்கமாக ஓர் அங்குலத்துக்கு 40 கரம் என்னும் அளவில் வரையப்பட்டவை. ஒரு கரம் ஐந்தரை அடி எனக் கொண்டால் ஓர் அங்குலம் 220 அடி. பட்வாரியின் பேனா இழுத்த கோடு அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு இருந்தால், தரையில் அது 11 அடி. ஓர் அறையின் அகலம்! கோட்டின் மேலேயே ஒரு வீடு நின்றால் அது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா? துணியில் வரைந்த படம் மடிப்பில் கிழிந்து, மை ஊறிப் பரவியபின் அந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகும். இன்றளவும் மின் இணைப்புக்கோ வேறு எதற்கோ 'லால் டோரா சான்றிதழ்' கேட்டு வருவாய் அலுவலகத்துக்கு நடப்பவர் தம் வீட்டை இந்த மைக்கோட்டுக்கு உள்ளே நிறுத்திக்காட்ட வேண்டியிருக்கிறது.

ஆபாதிக்குள் எல்லாரும் ஒரே உரிமையுடன் வாழவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இப்பொருள் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலும் தவறவிடப்படுவதும் இதுவே. பஞ்சாப் வழக்காற்றுச் சட்டப்படி ஊர்மனை நிலவுடைமைக் குழுவுக்குச் சொந்தம். தோல்வினைஞர், குயவர், துப்புரவுத் தொழிலாளர் உள்ளிட்ட நிலமற்றோர்க்கு அங்கே குடியிருக்கும் உரிமை மட்டுமே இருந்தது. ஊரைவிட்டுப் போக நேர்ந்தால் மரம், கதவு, செங்கல் ஆகியவற்றைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். அதற்கு 'மல்பா' என்று பெயர். மனையை விற்க முடியாது. 'வாஜிப்-உல்-அர்ஸ்' என்னும் ஊர் வழக்கப் பதிவேடு இத்தகைய உரிமைகளையும் தடைகளையும் எழுதிவைத்தது. ஆக, பதிவில்லாத வெளி எல்லாருக்கும் பொதுவான வெளியாக இருக்கவில்லை. யார் யாருடைய தயவில் குடியிருக்கிறார் என்பது எழுத்தில் தெளிவாகவே இருந்தது. விடுதலைக்குப் பின் பஞ்சாபின் கிராமப் பொதுநிலச் சட்டங்கள்தாம் நிலமற்றோர் வீட்டின் அடியிலுள்ள மண்ணை அவர்களுக்கே உரியதாக்கின. சட்டம் தந்த அந்த உரிமைக்கும் தனிப் பட்டா எதுவும் கைக்கு வரவில்லை. ஆபாதியில் பதிவேடே இல்லையே!

1911 திசம்பரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டபின் கிராமங்களை நகரம் விழுங்கத் தொடங்கியது. ஆயினும் பெரும் விழுங்கல் விடுதலைக்குப் பிறகுதான். 1957இல் தில்லி வளர்ச்சிச் சட்டம். 1959 நவம்பரில் ஒரே அறிவிக்கையில் 34,070 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தும் எண்ணத்தை அரசு வெளியிட்டது. 1962இல் முதல் முழுமைத் திட்டம் நடப்புக்கு வந்தது. வயல்கள் எடுக்கப்பட்டன, ஆபாதி விடப்பட்டது. குடியிருப்பவரை எழுப்பினால் மாற்றிடம் தரவேண்டும், வீட்டுக்கு விலை தரவேண்டும். வயலை எடுப்பது எளிது, மலிவு. முனிர்க்காவின் வயல்கள் ஆர்.கே. புரமாகவும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமாகவும் ஆயின. ஷாபூர் ஜாட்டின் வயல்கள் 1982 ஆசிய விளையாட்டுக்கான குடியிருப்பாயின. உழவருக்கு மிஞ்சியது கோட்டுக்குள் இருந்த வீடும் தொழுவமும்.

1963இல் தில்லி மாநகராட்சி, லால் டோராவுக்கு உட்பட்ட கிராமக் குடியிருப்புகளுக்குக் கட்டட விதிகளிலிருந்து விலக்களித்தது. தொழிற்கூடம், கிடங்கு, குளிர்பதனக் கூடம் போன்றவற்றுக்கு அவ்விலக்கு இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கு உண்டு. அன்றைய சூழலில் இது பரிவான முடிவே. மண்சுவர் எழுப்பவும் எருமைத் தொழுவத்துக்குக் கூரை போடவும் ஓர் உழவர் வரைபடம் தயாரித்துப் பொறியாளர் கையொப்பத்துக்கு நிற்க வேண்டுமா? வேண்டாம் என்றது அரசு. ஆனால் அந்த விலக்கு எழுதப்பட்ட அதே ஆண்டுகளில்தான் அவ்வுழவர் உழவராக இருப்பதற்கான நிலம் பறிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வயலை இழந்தவருக்கு வாடகையே விளைச்சலாயிற்று. விளைச்சலைப் பெருக்க நிலம் இல்லை, வானம் இருந்தது. தொழுவம் கடையாயிற்று, கூரை மாடியாயிற்று, மாடிமேல் மாடி ஏறிற்று. ஹவுஸ் காஸ் கிராமத்தில் 1980களின் பிற்பகுதியில் ஆடையகங்களும் பின்னர் உணவகங்களும் முளைத்ததும் இதே விலக்கின் நிழலில்தான்.

கோட்டுக்கு வெளியே நிலைமை தலைகீழ். 1954ஆம் ஆண்டின் தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டம், வேளாண் நிலத்தை உழவு, தோட்டப்பயிர், கால்நடை, மீன், கோழி வளர்ப்பு ஆகியவை தவிர்த்த பணிகளுக்குப் பயன்படுத்துவோரை வெளியேற்ற 81ஆம் பிரிவில் வழிசெய்தது. 33ஆம் பிரிவு, விற்றபின் உரியவரிடம் எட்டு நிலையேக்கருக்கும் குறைவாக எஞ்சுமாயின் அவ்விற்பனையைக் கட்டுப்படுத்தியது. நிலம் துண்டாடப்படுவதைத் தடுப்பதே நோக்கம். நடைமுறையில் விளைந்ததை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். மூன்று மகன்கள் உள்ள சிறு உழவர் ஒருவர், தம் சொந்த வயலின் ஓரத்தில் காற்றோட்டமாக ஒரு வீடு கட்டினால் சட்டமீறல். கோட்டுக்குள் பாட்டன் விட்டுப்போன நூறு கஜ மனையில் மூவருக்கும் மூன்று மாடி எழுப்பினால் கேட்பாரில்லை. நெருக்கடியை விதியே உள்நோக்கித் தள்ளியது.

இந்த நெருக்கத்தைத் தணிக்க ஒரு வழி இருந்தது. நிலத் தொகுப்பு நடந்த ஊர்களில் ஆபாதியின் விளிம்பில் குடியிருப்பு மனைகள் ஒதுக்கப்பட்டன. அவை 'விரிவாக்கப்பட்ட லால் டோரா' எனப்பட்டன. 1963இன் விலக்கு இந்த விரிவுக்கும் பொருந்துமா என்னும் வழக்காடல் அதன்பின் நெடுங்காலம் நீடித்தது.

மாநகராட்சிச் சட்டத்தின் 507ஆம் பிரிவின்கீழ் ஓர் ஊர்ப்புறம் நகர்ப்புறமாக அறிவிக்கப்படும்போது சிக்கல் இன்னொரு வடிவம் எடுக்கிறது. நிலச் சீர்திருத்தச் சட்டம் அங்கே விலகிக்கொள்கிறது, கிராம சபை மறைகிறது, ஊர் 'நகர்ப்புறக் கிராமம்' என்னும் முரண்சொல்லைப் பெறுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2001இல் 165 ஆக இருந்த தில்லிக் கிராமங்கள் 2011இல் 112 ஆகக் குறைந்தன. கணக்கில் மறைந்த ஊர்களும் தரையில் இருந்தன, கோடும் இருந்தது. 2006இல் உச்ச நீதிமன்ற ஆணைகளைத் தொடர்ந்து முத்திரையிடும் நடவடிக்கைகள் நகரை உலுக்கியபோது, நாடாளுமன்றம் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் இயற்றித் தற்காலிகக் காப்பு அளித்தது. அந்தத் 'தற்காலிகம்' திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு வருகிறது. 2011இல் கிராம ஆபாதிகளுக்கெனத் தனிக் கட்டட ஒழுங்குமுறை வந்தது. இனி வரைபட அனுமதி வேண்டும் என்றது. அனுமதிக்கு உடைமை ஆவணம் வேண்டும். ஆவணமோ நூறாண்டுகளாக எழுதப்படவில்லை. கைமாறிய வீடுகளுக்குப் பொது அதிகாரப் பத்திரமும் கிரய ஒப்பந்தமும் உயிலும் மட்டுமே சான்று. அதே 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய பத்திரங்களால் உடைமை மாறாது என்று தீர்ப்பளித்தது. பதிவு வைக்காத அரசே பதிவைக் கேட்கும் நிலை.

2020 ஏப்ரல் 24 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய 'ஸ்வாமித்வா' திட்டம் இந்த வெற்றிடத்தை நிரப்ப முயல்கிறது. இந்திய நில அளவைத் துறையின் டிரோன்கள் ஆபாதிகளைப் படமெடுக்க, வீட்டுக்கு வீடு உடைமை அட்டை தரப்படுகிறது. அட்டையின் பெயர்களே சுவையானவை. மராட்டியத்தில் 'சனத்', மத்தியப் பிரதேசத்தில் 'அதிகார் அபிலேக்', உத்தரப் பிரதேசத்தில் 'கரௌனி'. வயலின் பதிவேடான 'கதௌனி'யை ஒட்டி, வீட்டைக் குறிக்கும் 'கர்' என்பதிலிருந்து வார்க்கப்பட்ட புதுச்சொல் அது. வயலுக்கு நெடுங்காலமாக இருந்த சொல் வீட்டுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அட்டையில் எழுதப்படும் பெயர் யாருடையது என்பதே இனி ஆய்வாளர் தேட வேண்டியது. அளவை நாளில் வீட்டிலிருந்த மூத்த ஆணின் பெயரா, மனைவியும் உடன்பிறந்தாளும் சேர்ந்தா? மல்பாவுக்கு மட்டும் உரியவராக இருந்தோரின் பேரப்பிள்ளைகளை ஊர்க்கூட்டம் எவ்வாறு அடையாளம் காட்டிற்று? மேலும், உடைமை அட்டை கட்டட அனுமதி ஆகாது. ஒன்று வருவாய்த் துறையின் மொழி. மற்றொன்று நகரமைப்பின் மொழி.

ஹரியானாவில் கர்னால் மாவட்டத்தின் சிர்சி என்னும் ஊர் 2020 குடியரசு நாளன்று 'லால் டோரா முக்த்', அதாவது சிவப்புக் கோட்டிலிருந்து விடுபட்ட முதல் ஊராக அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் தில்லிக் கிராமங்களின் மனுக்களில் நெடுங்காலமாகத் தொடரும் கோரிக்கை கோட்டை அழிப்பதன்று. அதை வெளியே தள்ளி வரைய வேண்டும் என்பது.